நிலவேம்பும் தேயிலையும்: கேமரன் மலைத் தோட்டங்களில் காய்ச்சல் மருத்துவத்தின் கதை

மூன்று செடிகளின் பெயர்களிலிருந்து இவ்வுரையைத் தொடங்குவோம். நம் முன்னோர் நிலவேம்பு என்று அழைத்த செடியை மலாய் மக்கள் ஹெம்பெடு பூமி என்கின்றனர். ஹெம்பெடு என்பது பித்தம். பூமி என்பது நமக்கும் தெரிந்த சொல்லே. ஒருவர் அதன் கசப்பை உணர்ந்து, நிலத்தை ஒட்டி வளரும் வேம்பு என்றார். மற்றவர் அதே கசப்பை உணர்ந்து, நிலத்தின் பித்தம் என்றார். அடுத்து கீழாநெல்லி. இலைகளின் கீழே வரிசையாய்ச் சிறு காய்கள் தொங்குவதால் நமக்கு அது கீழ்க்காய்நெல்லி. மலாய் மொழியில் அது டுக்கோங் அனாக், அதாவது பிள்ளையைச் சுமப்பது. கற்பூரவல்லிக்கு அவர்கள் இட்ட பெயர் பாங்குன் பாங்குன். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'எழு, எழு' என்றாகும். இரு வேறு மொழியினர் ஒரே செடியை ஒரே கண்ணால் பார்த்திருக்கின்றனர்.

இப்பெயர்கள் ஒன்றையொன்று சந்தித்த இடங்களுள் ஒன்று கேமரன் மலை. பகாங் மாநிலத்தின் அம்மலையில் தேயிலை கிள்ளிய தமிழ்க் குடும்பங்கள் சளிக்காய்ச்சலுக்கும் அம்மைக்கும் காமாலைக்கும் எவற்றை உண்டனர், எவற்றைக் குடித்தனர், ஏன் அவற்றை நம்பினர் என்பதே இங்கு நாம் காணப்புகும் பொருள். மருந்து பரிந்துரைப்பது நம் வேலையன்று. 'எனக்குக் குணமாயிற்று' என்று ஒருவர் சொல்லும் சொல்லை வரலாற்றுச் சான்றாக எவ்வாறு படிப்பது என்பதே நம் கவலை.

1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் கண்டு குறிப்பெழுதினார். ஆயினும் நாற்பதாண்டுக் காலத்திற்கு மேல் அது காடாகவே இருந்தது. 1929இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1931இல் நிறைவுற்றது. 1933இல் பாரத் தேயிலைத் தோட்டம் தோன்றிற்று. காடு வெட்டவும், சரிவில் கன்று நடவும், கொழுந்து கிள்ளவும் சென்ற கைகளில் பெரும்பாலானவை தமிழர் கைகள். 1938 சூன் திங்களில் மலாயாவுக்கு உதவித்தொகையுடன் தொழிலாளர் அனுப்பப்படுவதை இந்திய அரசு நிறுத்திவிட்டது. ஆகவே, இம்மலைத் தோட்டங்களின் முதற் பத்தாண்டு, நாகப்பட்டினத்துக் கப்பலில் ஆள் ஏற்றிய நெடுங்காலத்தின் இறுதிப் பத்தாண்டாகவும் அமைந்தது.

அக்கப்பல் பயணத்திலேயே இருவகை மருத்துவமும் உடன் வந்தன. ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களில் தொழிலாளர்க்குப் பெரியம்மைத் தடுப்புக்காக அம்மை குத்தினர். கப்பலில் தொற்று கண்டால், பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவில் அனைவரையும் இறக்கித் தனிமைப்படுத்தினர். அரசின் மருத்துவத்தை நம் மக்கள் முதன்முதலாகச் சந்தித்தது ஊசியாகவும் அடைப்பாகவும்தான் என்பதை மறத்தல் கூடாது. மறுபக்கம், மூட்டையில் முடிந்த சுக்கும் மிளகும் மஞ்சளும் யாரும் கட்டாயப்படுத்தாமல் கூடவே வந்தன. பின்னாளில் இவ்விரண்டில் எதற்கு மக்கள் மனம் எளிதாக இசைந்தது என்பதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம் என்று நாம் எண்ணுகிறோம்.

'வைரஸ்' என்னும் சொல் தோட்டத்தார் வாயில் மிக அண்மைக் காலத்தில்தான் ஏறியது. மனிதரைத் தாக்கும் இன்புளுவென்சாக் கிருமியை ஆய்வாளர் பிரித்தெடுத்ததே 1933ஆம் ஆண்டில்தான். பாரத் தோட்டம் தொடங்கிய அதே ஆண்டு. அதற்கு முன்பே நம் மக்களிடம் 'விஷக்காய்ச்சல்' என்ற சொல் இருந்தது. வைரஸ் என்ற இலத்தீன் சொல்லுக்கும் நஞ்சு என்பதே பொருள். இக்காலக் கலைச்சொல்லாக்கத்தில் நாம் நச்சுயிரி என்று ஆக்கிக்கொண்டது, பாட்டியின் சொல்லுக்கு மிக அருகில்தான் நிற்கிறது. ஆனால் ஓர் இடர்ப்பாடு உண்டு. விஷக்காய்ச்சல் என்ற ஒரே பையில் இன்புளுவென்சாவும் கிடந்தது. நச்சுயிரியால் அன்றிப் பாக்டீரியாவால் வரும் குடற்காய்ச்சலும் கிடந்தது. ஒன்று ஒரு வாரத்தில் தானே இறங்கும். மற்றொன்று குடலைத் துளைக்கும். பெயர் ஒன்றாயிருந்தமையால் மருந்தும் ஒன்றாயிற்று.

அம்மை நோய்களைப் பற்றிச் சற்று விரித்துப் பேசவேண்டும். பெரியம்மை, சின்னம்மை, மணல்வாரி என்னும் தட்டம்மை ஆகியன அனைத்தும் நச்சுயிரி நோய்களே. தோட்டத்து வழக்கில் இவை நோய்கள் அல்ல, வருகைகள். 'அம்மா வந்திருக்கிறாள்' என்பர். கொப்புளம் என்னாமல் 'முத்து' என்பர். குணமாவதை 'இறங்குதல்' என்பர். வீட்டு வாயிலில் வேப்பிலைக் கொத்துச் செருகப்படும். நோயாளி வேப்பிலைப் படுக்கையில் கிடப்பார். வீட்டில் தாளிக்கக் கூடாது, அயலார் வரக் கூடாது, வீட்டார் விருந்துக்குப் போகக் கூடாது. முத்து உதிர்ந்தபின் வேப்பிலையும் மஞ்சளும் ஊறிய நீரைத் தலைக்கு ஊற்றுவர். மாரியம்மனுக்குக் கூழ் வைப்பர். இவ்வவையில் நரை கண்டோர் பலர்க்கு அந்த இலைப்படுக்கையின் மணமும், சொறியாதே என்று வேப்பங்கொத்தால் தடவிக்கொடுத்த கையும் இன்றும் நினைவிருக்கும்.

ஒரே கூரையின்கீழ் பல அறைகள் கொண்ட லயத்து வீட்டை மனத்தில் இருத்தி இதைப் பாருங்கள். ஒரு சுவருக்கு அப்பால் வேறொரு குடும்பம். பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். அங்கே வாயிலில் தொங்கிய வேப்பிலை, நோயைத் தீர்த்ததோ இல்லையோ, படிக்கத் தெரியாதவர்க்கும் புரியும் அறிவிப்புப் பலகையாகப் பயன்பட்டது. கண்டவர் உள்ளே நுழையார். அரசு அதிகாரி தனிமைப்படுத்தினால் ஒளித்துவைத்த குடும்பம், அம்மன் பெயரால் தானே தனிமைப்பட்டது. வேம்பு வெப்பநிலத்து மரம். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் அது செழிப்பதில்லை. கீழ்நாட்டிலிருந்து வருவோர் இலைக்கொத்துக் கொண்டுவருவது, அந்நாளில் பலகாரம் கொண்டுவருவதினும் பெரிய உதவி. மலாய் மொழியில் வேம்புக்கு மம்பு, செமம்பு என்னும் பெயர்கள் வழங்குவதையும் இவ்விடத்தில் நினைக்கலாம். அவ்வோசையொப்புமை மொழியறிஞர் ஆராயத்தக்கது.

பெரியம்மை ஒழிந்துவிட்டதாக உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்தது. அதை ஒழித்தது வேப்பிலையன்று, அம்மைப்பால் குத்திய ஊசியே. இதைத் தயக்கமின்றிச் சொல்லவேண்டும். அம்மன் கோயிலில் கூழ் ஊற்றியோரின் தோளிலும் அந்த ஊசியின் தழும்பு இருந்தது. நம் மக்கள் இரண்டையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதவில்லை.

தாளம்மைக்கு வழங்கும் வைத்தியம் ஒரு சிறு இடைக்கதை. அதற்குப் பொன்னுக்கு வீங்கி என்றும் பெயர். கன்னம் வீங்கியது பொன்னுக்கு ஏங்கி என்பதால் பிள்ளையின் கழுத்தில் பொற்சங்கிலி அணிவிப்பர். நாட்கூலி வாங்கிய வீடுகளில் அச்சங்கிலி பெரும்பாலும் இரவல் சங்கிலியாகவே இருந்திருக்க வேண்டும். ஒரு வாரத்தில் வீக்கம் தானே வடியும். சங்கிலியும் உரியவரிடம் திரும்பும். பெரும்பான்மைப் பிள்ளைகளுக்குத் தீங்கில்லாத இந்த வைத்தியமே நம் முழுப் பொருளின் சிறு வடிவம்.

இனி, மக்கள் ஏன் கைவைத்தியத்தை நாடினர் என்ற வினா. அறியாமை என்று சொல்லிக் கடப்பது எளிது, அது உண்மையாகாது. தோட்டத்து மருத்துவச்சாலையில் இருந்தவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர், டிரெசர். அவர் கையில் காய்ச்சலுக்கு ஒரு புட்டித் தண்ணீர் மருந்தும் சில மாத்திரைகளும் இருந்தன. இன்புளுவென்சாவுக்கோ மணல்வாரிக்கோ அவரிடம் மட்டுமன்று, இலண்டன் மருத்துவமனையிலும் அன்று மருந்தில்லை. அவர் கொடுத்ததும் ஆறுதல், பாட்டி கொடுத்ததும் ஆறுதல். பாட்டியின் ஆறுதல் இரவிலும் கிடைத்தது. வேலைக்கு வராத நாளுக்கு விளக்கம் கேட்கவில்லை. டிரெசரிடம் போனால் அந்நாளின் பேர் போடுவதைப் பற்றிக் கிராணியிடமும் பேசவேண்டியிருந்தது. நடுச்சாமத்தில் மூச்சு முட்டிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வளைந்து வளைந்து இறங்கும் மலைச்சாலையில் வண்டி தேடிய தாய்க்கு, அடுக்களையில் இருந்த கற்பூரவல்லியே கைக்கெட்டிய மருத்துவம்.

சப்பானியர் ஆட்சியின் 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில் மேனாட்டு மருந்துகள் அருகின. மூலிகை அப்போது விருப்பமாக இல்லாமல் ஒரே வழியாயிற்று. அதற்குப் பின்வந்த அவசரகாலத்தில் ஊரடங்கு இரவுப் பயணத்தைத் தடுத்தது. இந்த இரு காலங்களையும் கடந்துவந்த தலைமுறையே நம் காலத்துப் பாட்டி வைத்தியத்தை வகுத்த தலைமுறை.

டிரெசர்களிலும் சிலரை மக்கள் மிக விரும்பினர். 'அவருக்குக் கைராசி' என்பர். கைராசி என்பது நம் மொழியின் நுட்பமான சொற்களுள் ஒன்று. மருந்து அதே மருந்து, நோய் அதே நோய். ஆனால் இவர் கொடுத்தால் கேட்கும், அவர் கொடுத்தால் கேட்காது. தானே தீரும் நோயில் எந்த மருந்துக்கும் வெற்றி கிடைக்கும் என்பதையும், அவ்வெற்றியை நோயாளி மருந்தின்மேல் ஏற்றாமல் கையின்மேல் ஏற்றுகிறான் என்பதையும் இச்சொல் காட்டிக்கொடுத்து விடுகிறது.

இங்கே 1918ஆம் ஆண்டைப் பேசாமல் இருக்க முடியாது. அவ்வாண்டு அக்டோபர் முதல் மலாயாவில் இன்புளுவென்சா கடுமையாகப் பரவியது. தோட்டத் தொழிலாளர் பெருந்தொகையில் இறந்தனர். கேமரன் மலையில் அன்று தேயிலை இல்லை. ஆனால் பின்னர் மலையேறியோரில் அந்தக் காய்ச்சலைக் கீழ்நாட்டிலோ தமிழகத்திலோ பிள்ளைப்பருவத்தில் கண்டு பிழைத்தவர்கள் இருந்தனர். மூலிகை பற்றிய நூல்கள் பலவற்றில், 1919இல் இந்தியாவில் பரவிய அக்காய்ச்சலைத் தடுத்து நிறுத்தியது நிலவேம்பே என்று ஒரு வாசகம் மீண்டும் மீண்டும் அச்சேறி வருகிறது. வரலாறு இதனை ஏற்கவில்லை. அக்கொள்ளைநோயில் இந்தியாவில் மாண்டோர் குறைந்தது 1 கோடியே 20 இலட்சம் என்றும், 2 கோடியை எட்டலாம் என்றும் அறிஞர் மதிப்பிடுகின்றனர். நிலவேம்பு எங்கும் முளைக்கும் நாட்டில் அவ்வளவு உயிர்கள் போயின. நோய்ப்பரவல் ஓய்ந்தது, தாக்கத்தக்கோர் பெரும்பாலோர் தாக்குண்டு தீர்ந்தமையால். நிலவேம்பின் பெருமையைச் சொல்ல வேறு நல்ல செய்திகள் உண்டு. இந்தப் பொய்ச்சான்று அதற்குத் தேவையில்லை.

1957ஆம் ஆண்டில், நாடு விடுதலைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த மே மாதத்தில், ஆசியக் காய்ச்சல் சிங்கப்பூரை அடைந்து மலாயாவில் பரவியது. அப்போது தோட்டத்து வீடுகளின் மருந்துத் தட்டில் தமிழ் மருந்து மட்டும் இருக்கவில்லை. சென்னை அமிர்தாஞ்சனத்தோடு, சிங்கப்பூரில் 1928இல் பிறந்த கோடாலித் தைலமும், இரங்கூனில் தோன்றிச் சிங்கப்பூரில் வளர்ந்த புலித் தைலமும் இருந்தன. 1937இல் தோன்றிய மூன்றுகால் சின்னத்துத் தண்ணீரைச் 'சூட்டுக்கு' வாங்கிக் குடித்தனர். சீனரின் மருந்தை நம் மக்கள் தயங்காது ஏற்றதற்குக் காரணம் தெளிவு. உடலில் சூடு, குளிர்ச்சி என்னும் இரண்டு உண்டு என்பதில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் ஒத்த கருத்தினர். மொழி வேறு, புட்டியின் எழுத்து வேறு. சூடு என்ற சொல் மூவர்க்கும் புரிந்தது. மலைக்குளிரில் வேலைசெய்து நனைந்து வந்தவர்க்கு இஞ்சி தட்டிய தேநீரும் மிளகு ரசமும் நெஞ்சில் தேய்த்த தைலமும் இன்பம் தந்தன என்பதை எந்த ஆய்வும் மறுக்கப்போவதில்லை. தீங்கில்லாத இன்பத்தை மருந்தென்று அழைப்பதில் நமக்குப் பெரிய வழக்கில்லை.

வழக்கு காமாலையில் தொடங்குகிறது.

கண் மஞ்சளித்தால் கீழாநெல்லி. இதைத் தமிழர் எவர்க்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேரோடு பிடுங்கி அரைத்து மோரில் கலந்து வெறும் வயிற்றில் கொடுப்பர். உப்பும் எண்ணெயும் நீக்கிப் பத்தியம் காப்பர். சில வாரங்களில் கண் வெளுக்கும். இவ்வனுபவம் ஆயிரக்கணக்கான குடும்பங்களில் உண்மையாகவே நிகழ்ந்தது. ஆயின் லயத்து வீடுகளில் மிகுதியாகக் கண்ட காமாலை, மாசுற்ற நீராலும் உணவாலும் பரவும் ஏ வகைக் கல்லீரல் அழற்சியாகவே இருந்திருக்க வேண்டும். அது பெரும்பாலும் தானே தீர்வது. இரத்தத்தாலும் பிரசவத்தில் தாயாலும் பரவும் பி வகை அப்படியன்று. அது பல்லாண்டு உள்ளே உறங்கி, கல்லீரலைச் சுருக்கி, புற்றாகவும் முடியலாம். இரண்டுக்கும் மஞ்சட்காமாலை என்பதே பெயர். ஏ வகையில் கீழாநெல்லி ஈட்டிய நற்பெயரை பி வகைக்காரரும் நம்பினர்.

அந்த நம்பிக்கையை அறிவியலும் ஒருமுறை மிக அக்கறையோடு சோதித்தது. பி வகை நச்சுயிரியைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பாரூக் பிளம்பெர்க்கும், சென்னைப் பல்கலைக்கழகத்து எஸ். பி. தியாகராஜனும் பிறரும் சேர்ந்து, 1988இல் லான்செட் இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கீழாநெல்லித் தூளை 30 நாள் உண்ட 37 பேரில் 22 பேரின் இரத்தத்திலிருந்து நோயின் அடையாளப் பொருள் மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. தமிழுலகம் பெருமிதம் கொண்டதில் வியப்பில்லை. ஆனால் பிற நாடுகளில் பிறர் செய்துபார்த்தபோது அப்பயன் மீண்டும் கிட்டவில்லை. செடியின் இனம் வேறாயிருக்கலாம் என்றொரு விளக்கமும் எழுந்தது. கீழாநெல்லி என்று நாம் பறிப்பது ஒன்றல்ல. ஒன்றுபோலத் தோன்றும் பல இனங்கள் அப்பெயரில் வழங்குகின்றன. டுக்கோங் அனாக் என்ற மலாய்ப் பெயரும் அவ்வாறே பலவற்றைச் சுமக்கிறது. தொடக்கத்தில் நாம் பாராட்டிய அந்த அழகிய பெயர்கள், கண்ணால் காணும் காயை மட்டுமே குறித்தன. உள்ளே இருக்கும் சத்தைக் குறிக்கவில்லை. மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் பி வகைத் தடுப்பூசி போடப்படுகிறது. இன்று முப்பது வயதைத் தொட்ட தோட்டத்துப் பிள்ளைக்கு அந்நோயிலிருந்து கிடைத்துள்ள காப்பு அவ்வூசியினால் வந்தது.

இவ்விடத்தில், வேறொரு தேயிலை மலையையும் நினைத்துக்கொள்வோம். நீலகிரியின் குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பெற்றது. வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி செய்வதே அதன் முதற்பணி. வெறிநாய்க்கடியும் நச்சுயிரி நோயே. அதற்கும் நம்மிடம் பச்சிலையும் பத்தியமும் மந்திரிப்பும் இருந்தன. அவற்றுக்கும் சாட்சி சொல்லப் பலர் இருந்தனர். கடித்த நாய் வெறிநாயாக இல்லாதபோது கடிபட்டவர் பிழைத்தார், பச்சிலையைப் புகழ்ந்தார். வெறிநாயாக இருந்தபோது புகழவோ இகழவோ அவர் இருக்கவில்லை. அனுபவம் என்று நாம் திரட்டுவது எப்போதும் இருப்பவரின் அனுபவம். சின்னம்மைக்கும் சளிக்கும் இதனால் பெரிய பிழை நேராது, பெரும்பாலோர் இருப்பவரே ஆதலால். காமாலையிலும் டிங்கியிலும் நேரும்.

டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் கொசு குளிர்மலையில் கீழ்நாட்டைப்போலப் பெருகுவதில்லை. ஆனால் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் படிப்புக்கும் வேலைக்கும் ஈப்போவுக்கும் கிள்ளானுக்கும் இறங்கிவிட்டனர்; நோயும் செய்தியும் அங்கிருந்து வீடு திரும்பின. 2019ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தனர். இக்காலத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் வாயிலும் நுழைந்த மருந்து பப்பாளி இலைச்சாறு. நம் நாட்டு மருத்துவ ஆய்வுக் கழகம் கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையில் 228 நோயாளரைக் கொண்டு இதனை ஆராய்ந்து 2013இல் முடிவை வெளியிட்டது. சாறு குடித்தோர்க்கு இரத்தத் தட்டணுக்கள் விரைவாகக் கூடின. வாட்ஸ்அப் செய்திகள் இந்த ஒரு வரியோடு நின்றுவிட்டன. உயிரிழப்பைச் சாறு குறைத்ததா என்பது அவ்வாய்வின் வினாவன்று. யார் சாறு குடித்தார், யார் குடிக்கவில்லை என்பது அனைவர்க்கும் தெரிந்தே அது நடந்தது. டிங்கியில் உயிரைக் கொண்டுபோவது பெரும்பாலும் தட்டணுக் குறைவன்று. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து உடல் அதிர்ச்சிக்குள்ளாவதே. காய்ச்சல் விட்ட நாளில்தான் அது நிகழும். காய்ச்சல் இறங்கியது, சாறு கேட்டது என்று வீட்டார் மகிழும் அதே நாளில்! அந்நாளில் மருத்துவமனையில் இருப்பவர் பிழைக்கிறார். சாறு குடித்துவிட்டு மருத்துவமனையிலும் இருப்பவரைப் பற்றி நமக்குக் கவலையில்லை. சாறு குடித்தமையால் வீட்டில் இருப்பவரைப் பற்றியே கவலை.

தமிழ்நாட்டில் 2012இன் டெங்குப் பரவலின்போது அரசே நிலவேம்புக் குடிநீரை வழங்கிற்று. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்குகள் கூடியது அது. அதன் பொதிகள் உறவினர் பையிலும் நாட்டு மருந்துக் கடைகள் வழியும் மலேசியாவுக்கு வந்தன. ஏற்கெனவே ஹெம்பெடு பூமி என்று தெரிந்த செடிதான். எனினும் அரசு கொடுத்தது என்ற செய்தி அதற்குப் புதிய மதிப்பைத் தந்தது. 2020இல் கோவிட் பெருந்தொற்று வந்தபோது, பதினைந்து சரக்குகள் கொண்ட கபசுரக் குடிநீர் அவ்விடத்தைப் பிடித்தது. மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தது. சுற்றுலாவை நம்பிய கேமரன் மலை வெறிச்சோடியது. வீட்டுக்குள் அடைபட்டவர்க்கு, தடுப்பூசியும் மருந்தும் இல்லாத அந்த நாள்களில், ஏதேனும் ஒன்றைக் கொதிக்கவைத்துக் குடிப்பது கையாலாகாமையிலிருந்து விடுதலையாக இருந்தது. அதை நகைப்பது நமக்கு ஒவ்வாது. நம்மில் குடிக்காதவர் யார்?

அண்டை நாடான தாய்லாந்தும் அதே செடியைத்தான் நாடியது. அங்கு அதன் பெயர் ஃபா தலாய் ஜோன். வானம் கள்வரை அழிக்கும் என்பது பொருள். சிறைகளில்கூடக் கோவிட் நோயாளர்க்கு அதைக் கொடுத்தனர். நுரையீரல் அழற்சியை அது தடுத்ததாகக் கூறிய ஓர் ஆய்வுக் கட்டுரையை, புள்ளியியல் கணக்கில் பிழை கண்டு, ஆய்வாளர்களே 2021இல் திரும்பப் பெற்றனர். தம் பிழையைத் தாமே அச்சிட்டு ஒப்புக்கொண்ட அச்செயல், மூலிகை மருத்துவத்துக்கு இழிவன்று. கைராசியில் இல்லாதது அதுவே.

சத்து மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். லைனஸ் பாலிங் 1970இல் எழுதிய நூலுக்குப்பின் வைட்டமின் சி சளிக்கு மருந்தென்று உலகெங்கும் பெயர்பெற்றது. பின்னர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தோர், அன்றாடம் உண்பதால் சளி வருவது பொதுமக்களிடம் குறையவில்லை என்றும், வளர்ந்தோர்க்குச் சளி நீடிக்கும் காலம் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பங்கு குறைந்தது என்றும் கண்டனர். ஐந்து நாள் சளியில் அது அரை நாள்கூட ஆகாது. பாட்டியின் கற்பூரவல்லிக்குக் காசில்லை. நேரடி விற்பனையில் வரும் வண்ணப் புட்டிக்கோ ஒரு வாரக் கூலி போகும். விற்பவர் பெரும்பாலும் உறவினராகவே இருப்பதால் மறுக்கவும் இயலாது. கைவைத்தியத்தில் நமக்குக் கசப்பு இருந்தது. இதில் கடனும் சேர்ந்தது.

சட்டம் இதனைக் காணாமல் இல்லை. சில கொடிய நோய்களைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடுக்கிறது. 1992 முதல் மரபு மருந்துப் பொருள்களும் பதிவு பெறவேண்டும். புட்டியின் மேல் மால் என்று தொடங்கி டி என்று முடியும் எண் அதன் அடையாளம். அந்த எண் பொருளின் தூய்மைக்கும் தரத்துக்கும் சான்றே தவிர, நோய் தீரும் என்பதற்குச் சான்றன்று. இந்த வேறுபாடு நம் மக்களுக்குத் தமிழில் போதிய அளவு சொல்லப்படவில்லை. 2016ஆம் ஆண்டின் மரபு, துணை மருத்துவச் சட்டம் இந்திய மரபு மருத்துவத்தையும் ஏற்றுள்ளது. ஆனால் தோட்டத்து வழக்கு எந்தப் பட்டியலிலும் இல்லை. நிலவேம்பு என்று கேட்டால் சில கடைகளில் சிரட்டைக்குச்சியைக் கொடுக்கின்றனர்; அதற்குச் சீமை நிலவேம்பு என்று இன்னொரு பெயர். பற்படாகம் என்ற பெயரில் ஊருக்கொரு செடி. தோட்டத்துப் பெயர், கடைப்பெயர், மலாய்ப் பெயர், தாவரவியற் பெயர் நான்கையும் பக்கம் பக்கமாக வைத்து, செடியின் படத்தோடு ஓர் அகராதி செய்ய நம்போன்ற கழகங்களால் இயலும். அந்தப் பெயர்களை நாவில் வைத்திருப்போர் இன்னும் சிலரே.

ஏனெனில் மலை மாறிவிட்டது. தமிழ்க் குடும்பங்களில் பல தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் ரிங்லெட்டிலும் குடியேறிவிட்டன. மேலும் பல மலையை விட்டே இறங்கிவிட்டன. போ தோட்டத்துச் சரிவுகளில் இன்று கொழுந்து வெட்டுவோர் பெரும்பாலும் வங்கதேசத்தார், நேபாளியர், இந்தோனேசியர். காய்ச்சல் அவர்களையும் விடவில்லை. அவர்களும் ஊரிலிருந்து மருந்து கொண்டுவருகின்றனர். நேபாளியர் கொதிக்கவைப்பது சிராயிதோ, அதாவது நம் கடைக்காரர் நிலவேம்பென்று தரும் அதே சிரட்டைக்குச்சி. வங்காளியின் பொதியில் இருப்பது கால்மேக். இந்தோனேசியரின் பொதியில் இருப்பது சம்பிலோத்தோ. இப்பெயர்கள் இரண்டும் குறிப்பது ஒரே செடியை. அது நிலவேம்பு.